பெட்டிக்குள் பாட்டு இல்லை!

கல்யாண வரவேற்பிலும் கல்லூரி விழாவிலும் மேடை ஓரமாக ஒருவர் ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, பார்த்திருக்கிறீர்களா? அவர் முன்னால் இரண்டு பெரிய சக்கரங்கள், ஏகப்பட்ட திருகுகள், மினுக்மினுக்கென்று எரியும் பொத்தான்கள் எல்லாம் கொண்ட ஒரு பெட்டி இருக்கும். அதுதான் டிஜே கண்ட்ரோலர். முன்பு அதன் பக்கத்தில் ஒரு லேப்டாப் கட்டாயம் இருக்கும். இப்போது சில இடங்களில் லேப்டாப்பைக் காணோம். அந்த இடத்தில் ஒரு டேப்லெட்டையோ கைபேசியையோ சாய்த்து வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கைபேசியின் வயரைப் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும்? சக்கரத்தைச் சுற்றலாம், பொத்தானை அழுத்தலாம், திருகைத் திருகலாம். ஒரு சத்தமும் வராது. பாட்டு முழுக்கக் கைபேசியில்தான் இருக்கிறது. ஒரு பாட்டோடு இன்னொன்றைக் கலப்பது, வேகத்தைக் கூட்டுவது, குறைப்பது எல்லாமே கைபேசியின் வேலைதான். அப்படியென்றால் இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு?

எண் சொல்வதற்கு.

இடப்பக்க ‘ப்ளே’ பொத்தானை அழுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியிலிருந்து கைபேசிக்கு மூன்று எண்கள் போகும். உதாரணமாக: 144, 11, 127. ‘முதல் சேனலில் ஒரு பொத்தான் அழுத்தப்பட்டது’ என்பது 144-க்குப் பொருள். எந்தப் பொத்தான் என்பதை 11 சொல்கிறது. எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்பதற்கான இடத்தில் 127 வருகிறது. விரலை எடுத்ததும் கடைசி எண் மட்டும் 0 ஆக மாறி மறுபடி ஒரு செய்தி போகும். நடுவில் குறுக்காக ஓடும் கிராஸ்ஃபேடரை நகர்த்தினாலும் இதே கதைதான். இந்தக் கோடியில் 0, அந்தக் கோடியில் 127, நடுவில் 64. எண்ணைப் பார்த்து ஒரு பாட்டின் ஒலியைக் குறைத்து மற்றதைக் கூட்டுவது கைபேசியில் இருக்கும் ஆப்.

இந்த எண் மொழிக்கு மிடி என்று பெயர். மின்னணு இசைக்கருவிகள் புதிதாக வந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு கம்பெனியின் கருவியை இன்னொரு கம்பெனியின் கருவியோடு இணைப்பது பெரும்பாடாக இருந்தது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும், ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இகுதாரோ காகெஹாஷியும் எல்லாருக்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்று முனைந்தார்கள். 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த ஓர் இசைக்கருவிக் கண்காட்சியில் ஸ்மித்தின் கருவியையும் ரோலண்டின் கருவியையும் ஒரு வயரால் இணைத்தார்கள். ஒன்றின் கட்டையை அழுத்தியதும் மற்றது பாடியது. இருவருக்கும் 2013-இல் கிராமி விருது கொடுத்தார்கள். கணினி உலகத்தில் 40 வருடம் தாண்டியும் அப்படியே புழக்கத்தில் இருக்கிற விஷயங்கள் மிகச் சில. மிடி அதில் ஒன்று.

அதென்ன 127 என்று ஒரு கணக்கு? மிடியில் ஒவ்வொரு எண்ணும் எட்டு பிட்டுகளில் எழுதப்படுகிறது. அவற்றில் முதல் பிட்டை ‘இது கட்டளையா, அளவா?’ என்று காட்டும் அடையாளத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். மிச்சம் ஏழு. ஏழு இரண்டுகளைப் பெருக்கினால் 128. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 127-இல் முடியும். 144 அதைவிடப் பெரியது அல்லவா? அதனால்தான் அது கட்டளை என்று கைபேசிக்கு உடனே புரிகிறது.

இப்போது சக்கரத்துக்கு வருவோம். இதற்கு ஜாக் வீல் என்று பெயர். பெட்டியிலேயே எனக்கு மிகவும் பிடித்த பாகம் இதுதான். பல கண்ட்ரோலர்களில், சக்கரத்துக்கு அடியில் சுற்றிலும் சீரான இடைவெளியில் பிளவுகள் கொண்ட ஒரு தட்டு கூடவே சுழலும். தட்டின் ஒரு பக்கம் சின்ன விளக்கு. மறுபக்கம் ஒளியை உணரும் இரண்டு ‘கண்கள்’. பிளவு எதிரே வந்தால் வெளிச்சம், பிளவு கடந்து போனால் இருட்டு. வெளிச்சம் எத்தனை முறை வந்து போனது என்று எண்ணிவிட்டால் சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று தெரிந்துவிடும்.

எண்ணுவதற்கு ஒரு கண் போதாதா என்று கேட்பீர்கள். எண்ணப் போதும். ஆனால் சக்கரம் முன்னால் போகிறதா, பின்னால் வருகிறதா என்று ஒற்றைக் கண்ணால் சொல்ல முடியாது. எந்தப் பக்கம் சுற்றினாலும் அதற்குத் தெரிவது வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டுதான். அதனால் இரண்டாவது கண்ணை, ஒரு பிளவின் அகலத்தில் பாதி அளவு தள்ளி வைக்கிறார்கள். முன்னால் சுற்றினால் முதல் கண்ணுக்கு முதலில் வெளிச்சம் வரும். பின்னால் சுற்றினால் இரண்டாவது கண் முந்திக்கொள்ளும். யார் முந்தியது என்பதை வைத்துத் திசையைக் கண்டுபிடித்துவிடலாம். உருண்டை வைத்த பழைய கணினி மவுஸிலும் இதே உத்திதான் இருந்தது.

சக்கரம் ஒரு படி முன்னால் போனால் 65, ஒரு படி பின்னால் வந்தால் 63. பல கண்ட்ரோலர்கள் இப்படித்தான் சொல்கின்றன. 64 என்றால் அசைவில்லை. வேகமாகச் சுழற்றினால் 70, 75 என்று எண் எகிறும்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு கைபேசி என்ன செய்கிறது? அது ஏற்கெனவே பாட்டைப் பிரித்து எண்களாக நினைவகத்தில் வரிசை கட்டி வைத்திருக்கிறது. ஒவ்வொரு நொடிக்கும் இடது காதுக்கு 44,100 எண்கள், வலது காதுக்கு 44,100 எண்கள். நான்கு நிமிடப் பாட்டு ஒன்றுக்கு ஏறக்குறைய 42 மெகாபைட் இடம் பிடிக்கும். இந்த நீள வரிசையில் ‘இப்போது இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று ஒரு முள் ஓடுகிறது. சக்கரம் 65 என்றால் முள் முன்னால் நகரும். 63 என்றால் பின்னால் நகரும். டிஜே கையை முன்னும் பின்னும் ஆட்டும்போது ‘சர்ர்க்... சர்ர்க்’ என்று கேட்கிறதே, அது அந்த எண்களை முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் வேகம் மாற்றி மாற்றிப் படிக்கும் சத்தம்.

இதைச் செய்ய வட்டமான சக்கரம்தான் வேண்டுமா? ஒரு பொத்தான் போதுமே? போதும். ஆனால் டிஜேக்களின் கை பழகியது இசைத்தட்டில். 1970-களில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், கூல் ஹெர்க் என்று பெயர் வாங்கிய கிளைவ் கேம்பெல், ஒரே பாட்டின் இரண்டு இசைத்தட்டுகளை இரண்டு சுழலிகளில் வைத்து, தாளம் மட்டும் வரும் துண்டை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். ஆடுபவர்கள் அந்தத் துண்டுக்காகத்தான் காத்திருந்தார்கள். கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் என்பவர் எலெக்ட்ரானிக்ஸ் படித்த பையன். துண்டு எங்கே தொடங்குகிறது என்று தெரிய இசைத்தட்டின் மேலேயே கிரேயானால் கோடு போட்டுக்கொண்டார். அடுத்த பாட்டை மற்றவர்களுக்குக் கேட்காமல் ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டுப் பார்க்க ஒரு சுவிட்சையும் தானே செய்துகொண்டார்.

இப்படிப்பட்ட டிஜேக்கள் பலருக்குக் கைகொடுத்தது ஜப்பானில் மட்சுஷிட்டா நிறுவனம் டெக்னிக்ஸ் என்ற பெயரில் 1972-இல் விற்பனைக்கு விட்ட எஸ்எல்-1200 வகைச் சுழலி. ரப்பர் பட்டை இல்லாமல் மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றும். கையால் பிடித்து நிறுத்தி விட்டால் கணத்தில் பழைய வேகத்துக்கு வந்துவிடும். இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. கைபேசிக்குள் நிஜத் தட்டும் இல்லை, நிஜ முள்ளும் இல்லை. ஆனாலும் ஜாக் வீலின் ஒரு சுற்றைப் பல ஆப்கள் இன்றும் 1.8 நொடி என்றே கணக்கு வைக்கின்றன.

பெட்டியைக் கைபேசியோடு இணைப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. யூஎஸ்பி வயரில் இரண்டு பேரும் சமமாகப் பேச முடியாது. ஒருவர் கேட்பார், மற்றவர் கேட்டால் மட்டும் பதில் சொல்வார். அதுதான் விதி. லேப்டாப்போடு இணைத்தால் லேப்டாப் கேட்கும், கைபேசி பதில் சொல்லும். கண்ட்ரோலரும் பதில் சொல்லும் ஜாதிதான். பதில் சொல்லும் இருவரை வயரால் இணைத்துவிட்டால் இரண்டும் யாராவது கேட்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருக்கும்!

இதற்கு 2001-இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கடையில் ‘ஓடிஜி கேபிள்’ என்று கேட்டால் கொடுப்பார்களே, அதேதான். மைக்ரோ யூஎஸ்பி முனைக்குள் ஐந்து உலோகத் தொடுமுனைகள் உண்டு. சாதாரண சார்ஜர் வயரில் அவற்றில் ஒன்று எதோடும் சேராமல் சும்மா இருக்கும். ஓடிஜி கேபிளில் அதைத் தரை இணைப்போடு சேர்த்துவிட்டார்கள். கைபேசி அதைக் கவனித்ததும் ‘ஓஹோ, இந்த முறை கேட்க வேண்டியது நான்’ என்று புரிந்துகொள்கிறது. இப்போதைய சி வகை முனையில் இந்த வேலையைச் சின்ன மின்தடைகள் செய்கின்றன.

கேட்பவராக மாறினால் இன்னொரு பொறுப்பும் தலையில் விழும். எதிரில் இருப்பவருக்கு மின்சாரமும் கொடுக்க வேண்டும். பெட்டியில் எரியும் அத்தனை விளக்கும் உங்கள் கைபேசியின் பேட்டரியைக் குடிக்கும். இணைத்தவுடன் கைபேசி ‘நீ யார்?’ என்று கேட்கிறது. பெட்டி தன் ஊர் பேர் எல்லாம் சொல்லி, ‘எனக்கு இத்தனை மில்லி ஆம்பியர் வேண்டும்’ என்றும் சொல்கிறது. அதிகம் கேட்டால் பல கைபேசிகள் கொடுக்காமல் மறுத்துவிடும். அதனால்தான் சிலர் நடுவில் ஒரு யூஎஸ்பி ஹப்பை வைத்து அதற்குச் சுவரிலிருந்து தனியாகக் கரண்ட் கொடுக்கிறார்கள்.

‘நான் பொது விதிப்படி மிடி பேசும் கருவி’ என்று பெட்டி சொல்லிவிட்டால் கைபேசிக்குத் தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஐபேடுக்கு இந்தத் திறமை 2010-இலேயே வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு 2015-இல்தான் முறைப்படி கற்றுக்கொண்டது. ஆண்ட்ராய்டில் இசை ஆப்கள் கொஞ்சம் தாமதமாக வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

வயரே இல்லாமல் ப்ளூடூத்தில் பேசும் பெட்டிகளும் உண்டு. 2019-இல் வந்த பயனியர் டிடிஜே-200 அந்த வகை. இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. டிஜே தன் பெட்டியை ப்ளூடூத்தில் தைரியமாக இணைப்பார். ஆனால் ஹெட்ஃபோனை மட்டும் ப்ளூடூத்தில் இணைக்கவே மாட்டார். ஏன்?

எண்ணிப் பாருங்கள். பொத்தான் செய்தி மூன்றே மூன்று பைட். சுருக்காத பாட்டு ஒரு நொடிக்கு 1,76,400 பைட். மூன்று பைட்டைக் காற்றில் எறிந்தால் சில மில்லிநொடிகளில் போய்ச் சேர்ந்துவிடும். (ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில்லிநொடி.) பாட்டை அப்படி அனுப்ப முடியாது. முதலில் சுருக்க வேண்டும், துண்டு துண்டாக்க வேண்டும், அனுப்ப வேண்டும், வழியில் தொலைந்த துண்டை மறுபடி கேட்டு வாங்க வேண்டும், பிறகு விரிக்க வேண்டும். இதில் பத்தில் ஒரு பங்கு நொடியோ, ஐந்தில் ஒரு பங்கு நொடியோ, சில ஹெட்ஃபோன்களில் அதற்கும் மேலோ போய்விடும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பெரியவர்களின் கைபேசியில் ஏதாவது ஒரு டிரம்ஸ் அல்லது பியானோ ஆப் போட்டு, முதலில் கைபேசியின் சொந்த ஸ்பீக்கரில் தட்டிக் கேளுங்கள். பிறகு ப்ளூடூத் ஸ்பீக்கரை இணைத்துத் தட்டுங்கள். விரல் பட்டு, ‘என்ன, வரவில்லையே?’ என்று நினைக்கும்போது சத்தம் வரும். சினிமா பார்க்கும்போது இந்தத் தாமதம் தெரிவதில்லை. ஆப் படத்தையும் அதே அளவு தாமதித்துக் காட்டிவிடும். உங்கள் விரலைத் தாமதிக்க ஆப்பால் முடியாதே!

ப்ளூடூத் இல்லாவிட்டாலும் கைபேசிக்குள்ளேயே கொஞ்சம் தாமதம் உண்டு. மாடியில் தண்ணீர்த் தொட்டி எதற்கு இருக்கிறது? மோட்டார் எப்போதாவதுதான் ஓடும், குழாயில் மட்டும் தண்ணீர் விடாமல் வர வேண்டும் என்பதற்காக. கைபேசியின் செயலியும் அந்த மோட்டாரைப் போல. திரையை வரைய வேண்டும், வாட்ஸ்அப் செய்தியைக் கவனிக்க வேண்டும், நடுநடுவே ஓடிவந்து கொஞ்சம் ஒலியைத் தயாரித்துத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போகும். ஸ்பீக்கர் அதிலிருந்து சீராக எடுத்துக்கொள்ளும். தொட்டி காலியானால் ‘டப் டப்’ என்று ஒலி உடையும். ரொம்பப் பெரிய தொட்டி வைத்தாலோ இப்போது ஊற்றியது குழாய்க்கு வந்து சேர நேரமாகும். அந்தத் தொட்டிக்குப் பஃபர் என்று பெயர். 512 எண்கள் பிடிக்கும் பஃபர் என்றால் தாமதம் ஏறக்குறைய 12 மில்லிநொடி. அந்த நேரத்தில் ஒலி காற்றில் நான்கு மீட்டர் போய்விடும். அதாவது ஸ்பீக்கரை நான்கு மீட்டர் தள்ளி வைத்ததற்குச் சமம். இதைக் கை சமாளித்துக்கொள்ளும்.

ஹெட்ஃபோன் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. டிஜேவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு ஒலிகள் வேண்டும். கூட்டத்துக்கு ஒன்று, தன் காதுக்கு ஒன்று. கைபேசியிலோ ஹெட்ஃபோன் துளை இருந்தாலும் ஒன்றுதான் இருக்கும். அதில் வருவது இடது, வலது என்று இரண்டு ஒலிகள். ‘இடதைக் கூட்டத்துக்குக் கொடு, வலதை எனக்குக் கொடு’ என்று பிரித்துக்கொண்டால் போயிற்று! ஒரு முனையில் நுழைந்து இரண்டாகப் பிரியும் கேபிள் இதற்காகவே இருக்கிறது. டிடிஜே-200 வாங்கினால் கூடவே அதைக் கொடுத்தார்கள். நஷ்டம் என்னவென்றால் கூட்டத்துக்கு இடது, வலது என்ற ஸ்டீரியோ இல்லாமல் போய்விடும். விலை கூடிய பெட்டிகளுக்குள் நான்கு ஒலித்தடங்கள் கொண்ட ஒலி அட்டை இருக்கும். பாட்டு கைபேசியிலிருந்து பெட்டிக்குத் திரும்பி வந்து, ஸ்பீக்கருக்கு இரண்டு தடமும் ஹெட்ஃபோனுக்கு இரண்டு தடமுமாகப் பிரிந்து போகும்.

கைபேசியில் டிஜே செய்பவர்கள் வேலை தொடங்கும் முன் விமானப் பயன்முறையைப் போட்டுவிடுவது வழக்கம். இல்லையென்றால் ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது பாட்டி கூப்பிட, ரிங்டோன் மண்டபம் முழுக்க முழங்கும்.

சரி, அந்த ஒற்றைக் காதில் டிஜே அப்படி என்ன கேட்கிறார்? இரண்டு பாட்டின் தாள அடியும் ஒன்றாக விழுகிறதா என்றுதான். ஒரு பாட்டில் நிமிடத்துக்கு 120 அடி, இன்னொன்றில் 121 அடி என்று வையுங்கள். ஒன்றாகத் தொடங்கினால் முதல் சில நொடிகள் வித்தியாசமே தெரியாது. 30-ஆவது நொடியில் ஒன்றின் அடி மற்றதன் அடிகளுக்குச் சரியாக நடுவில் விழும். குதிரை ஓடுவது போல ஒரே தடதடப்பு. நண்பரும் நீங்களும் இரண்டு கைபேசிகளில் தாளம் தட்டும் மெட்ரோனோம் ஆப் போட்டு இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

வேகத்தைச் சரிசெய்ய நீளமான ஒரு நகர்த்தி உண்டு. பழைய சுழலிகளில் அது வேகத்தை 8 சதவீதம் கூட்டும் அல்லது குறைக்கும். மொத்தம் 16 சதவீதம். இதை மிடியின் 128 படிகளாகப் பிரித்தால் ஒரு படிக்கு 0.125 சதவீதம். கேட்க ரொம்பக் கொஞ்சம்தான். ஆனால் உங்களுக்கு வேண்டிய வேகம் இரண்டு படிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், மூன்று நிமிடத்தில் அடிகள் பத்தில் ஒரு பங்கு நொடிக்கும் மேல் விலகிவிடும். காது உடனே கண்டுபிடித்துவிடும். அதனால் இந்த ஒரு நகர்த்திக்கு மட்டும் பல பெட்டிகள் இரண்டு எண்களைச் சேர்த்து அனுப்புகின்றன. 128-ஐ 128-ஆல் பெருக்கினால் 16,384 படிகள். 1983-இல் போட்ட விதிக்குள்ளேயே இதற்கும் இடம் வைத்திருந்தார்கள்!

இசைத்தட்டை வேகமாகச் சுற்றினால் பாடுபவரின் குரலும் கீச்சென்று உயரும். 6 சதவீதம் கூட்டினால் சுருதி அரை ஸ்வரம் ஏறிவிடும். கைபேசி ஆப் இதையும் தவிர்க்கிறது. ஒலியை மில்லிநொடிக் கணக்கில் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாகக் கொஞ்சம் நெருக்கி ஒட்டுகிறது. நேரம் குறையும், சுருதி மாறாது. யூடியூபில் பாட வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டும்போதும் ஆசிரியரின் குரல் எலிக்குரல் ஆவதில்லை அல்லவா? அதே வித்தைதான்.

ஆப்பில் ‘சிங்க்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் இரண்டு பாட்டின் தாளமும் தானே ஒட்டிக்கொள்ளும். பழைய டிஜேக்கள் சிலருக்கு அதைக் கண்டால் ஆகாது. எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. ஆனாலும் முதலில் காதால் பொருத்திப் பழகினால் பொத்தான் தப்பு செய்யும்போது கண்டுபிடிக்கலாம். தாளம் சீராக இல்லாத பழைய சினிமாப் பாட்டுகளில் அது தப்பு செய்யத்தான் செய்கிறது. மனிதர்கள் கையால் வாசித்த தபேலா அங்கங்கே ஒரு இம்மி முந்தும், ஒரு இம்மி பிந்தும்.

இன்னும் புதிய வித்தையும் கைபேசிக்குள் வந்துவிட்டது. ஜெர்மனியின் மியூனிக் நகரத்து அல்கோரிடிம் நிறுவனம் 2020-இல் தன் டிஜே ஆப்பில், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டிலிருந்து குரலைத் தனியாகவும் டிரம்ஸைத் தனியாகவும் பிரிக்கும் வசதியைக் கொடுத்தது. குரலும் கருவிகளும் தனித்தனியே பதிவான ஏராளமான பாட்டுகளைக் கேட்டுப் பயின்ற செயற்கை நரம்பு வலைப்பின்னல் இதைச் செய்கிறது. பெட்டியில் ஒரு திருகைத் திருகினால் பாடகர் மறைந்து வாத்தியம் மட்டும் மிஞ்சும். அப்போதும் பெட்டி அனுப்புவது அந்த மூன்று எண்களைத்தான்.

அந்த எண்களைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? கண்ட்ரோலர் தேவையில்லை. பள்ளியிலோ பாட்டு வகுப்பிலோ யூஎஸ்பி துளை உள்ள கீபோர்டு இருந்தால் போதும். ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, அதை ஓடிஜி கேபிளில் கைபேசியோடு இணையுங்கள். மிடி செய்திகளைத் திரையில் காட்டும் இலவச ஆப்கள் இருக்கின்றன. நடு ‘சி’ கட்டையை அழுத்தினால் இரண்டாவது எண் 60 என்று வரும். பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு 61. இப்போது ஒரே கட்டையை மெல்லத் தட்டுங்கள், பிறகு ஓங்கித் தட்டுங்கள், மூன்றாவது எண்ணைப் பாருங்கள். எத்தனை ஓங்கித் தட்டினாலும் 127-ஐத் தாண்டாது. எப்படித் தட்டினாலும் எண் மாறவே இல்லையென்றால், அந்தக் கீபோர்டுக்கு உங்கள் விரலின் வேகத்தை அளக்கும் திறமை இல்லை என்று அர்த்தம்.